டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

குருபூசை அன்று காலையில் தாண்டவமூர்த்திக்குச் சங்குச் சாமியின் முகம் தெரியாமல் போனது. காது தெரிந்தது. முடிந்துவைத்த சடை தெரிந்தது. பின்னால் சுவரில் காரை உதிர்ந்திருந்த இடம்கூடத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு கறை.

இடது கண் போய் வெகுநாள் ஆகிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. துறவிக்கு ஒரு கண் போதாதா என்று இருந்துவிட்டார். இப்போது வலது கண்ணும் அதே வேலையை ஆரம்பித்துவிட்டது. மனிதர் வீடு வாசலை விட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்ததே சாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்குத்தான். அதுவும் இல்லையென்றால் இங்கே அவருக்கு என்ன வேலை?

கூட்டம் கலைந்ததும் சாமியின் முன்னால் போய் உட்கார்ந்தார். சாமி அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். மடத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? முதலில் வந்து உட்கார்ந்தவர் குரு, அப்புறம் வந்தவர் சீடர், அவ்வளவுதான்.

"சாமி, எனக்குக் கண் போகுது."

"எந்தக் கண்?"

"ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு போயிக்கிட்டிருக்கு. எந்தப் பிறவியில யாருக்கு என்ன பாவம் பண்ணினேன் நான்?"

சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்தர்கள் விட்டுப்போன பழங்களை ஒரு கூடையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"டவுன்ல கண்ணுக்குப் படிச்ச அம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஜெபராணின்னு பேரு. அவங்களைப் போய்க் கேளு."

"பாவத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன சாமி தெரியும்?"

"கண்ணைப் பத்தித் தெரியும். போயிட்டு வா."

போனார். வேண்டாவெறுப்பாகத்தான் போனார். குருவிடம் ஞானம் கேட்டால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாரே என்று வழியெல்லாம் ஆற்றாமை.

டாக்டர் ஜெபராணி கண்ணில் சொட்டு மருந்து விட்டார், வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டினார். கோடெல்லாம் நெளிகிறது, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார் தாண்டவமூர்த்தி. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"வயசு என்ன சாமி?"

"இருபத்தாறு."

டாக்டர் நிமிர்ந்து அவருடைய நரைத்த தாடியைப் பார்த்தார்.

"தீட்சை வாங்கினதிலிருந்துதான் எண்ணுவோம்மா. அதுக்கு முன்னாடி இருந்தவன் செத்துப்போயிட்டான்."

"சரி. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவங்க, யாருக்காவது இப்படிக் கண் மங்கியிருக்கா?"

"துறவிக்கு ஏதும்மா குடும்பம்?"

"பீடி, சிகரெட், சுருட்டு?"

"அந்தப் பழக்கமே கிடையாது."

"உங்க துணியில சுருட்டு வாசனை குப்புன்னு அடிக்குதே."

"அது குருநாதரோடது."

"பிரஷர் ரொம்ப ஏறிக் கிடக்கு. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"மருந்து தொடுறதில்லைன்னு விரதம்."

"சாப்பாடு?"

"சோறும் மோரும். கீரை, காய்கறியெல்லாம் நாக்கு கேட்கிற சமாச்சாரம்."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"விழித்திரையில நடுப்பகுதி தேய்ஞ்சுபோச்சு. வயசானவங்களுக்கு வர்றது. வயசு ஒரு காரணம், குடும்பம் ஒரு காரணம், புகை பெரிய காரணம், பிரஷரும் சாப்பாடும் சேர்ந்துக்கும். இடது கண்ணுக்கு இனிமே பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. வலது கண்ணை இன்னும் கொஞ்ச காலம் காப்பாத்தப் பார்க்கலாம். ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா, இருபத்தாறு வயசு, குடும்பம் இல்லை, புகை இல்லை. இந்த ஆளுக்கு நான் எதைன்னு நிறுத்தச் சொல்றது?"

தாண்டவமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நிஜமான பதிலோட வாங்க," என்றார் டாக்டர். "அதுவரைக்கும் யார் முகத்தையாவது பார்க்கணும்னா நேரா பார்க்காதீங்க. பக்கத்துச் சுவரைப் பாருங்க. முகம் ஓரத்துல வந்து நிற்கும்."

மடத்துக்குத் திரும்பிய தாண்டவமூர்த்தி நடந்ததை ஒன்றுவிடாமல் சாமியிடம் சொன்னார். அந்தம்மாவுக்கு நம்ம வழி புரியவில்லை என்று அலுத்துக்கொண்டார்.

"புரிஞ்சுதான் கேட்டிருக்காங்க," என்றார் சாமி. "இப்ப நான் கேட்கிறேன். வயசென்ன?"

"தீட்சை..."

"தீட்சை கண்ணுக்கா கொடுத்தேன்? அந்தக் கண்ணுக்கு வயசென்ன?"

"எழுபத்தொண்ணு."

"உன்னைப் பெத்தவளுக்குக் கண் எப்படி இருந்தது?"

தாண்டவமூர்த்திக்கு முகம் கறுத்தது. இத்தனை வருஷத்தில் சாமி அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் வாய் திறந்ததில்லை.

"அவளைப் பத்திப் பேசவே எனக்குப் பிடிக்காது சாமி. நான் கிளம்பின அன்னைக்குக் காலில விழுந்தேன். கட்டில்ல உட்கார்ந்திருந்தா. என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கலை. பக்கத்துல இருந்த பீரோவையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. பெத்தவளே முகம் கொடுக்கலையேன்னு அன்னைக்கே மனசு அறுந்துபோச்சு. அப்புறம் அந்த ஊர்ப் பக்கமே போகலை. அவ செத்தப்ப ஆள் அனுப்பினாங்க. கொள்ளிபோடவும் போகலை."

வீறாப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல, தான் எதைப் பார்த்துப் பேசுகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. சாமியின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் சாமியைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரிந்தது, கொஞ்சம் மங்கலாக.

"ஐயோ," என்றார். "அவ என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்திருக்கா."

சாமி எழுந்து வரவும் இல்லை, தேறுதல் சொல்லவும் இல்லை. கிழவர் துண்டை வாயில் வைத்து அழுதார். போய்ப் பார்க்க வேண்டியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி அழுது ஆகப்போவது என்ன? ஆனாலும் அழுகை நிற்கவில்லை. சாமி காத்திருந்தார்.

"அடுத்தது," என்றார் சாமி. "புகை."

"அது எனக்குப் பழக்கம் இல்லையே சாமி."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம். சாமிக்குச் சுருட்டு வேண்டுமென்றால் தாண்டவமூர்த்திதான் பற்றவைக்க வேண்டும். வெறுமனே தீக்குச்சி காட்டினால் மட்டமான சுருட்டில் தீப் பிடிக்காது. வாயில் வைத்து, நெஞ்சு நிறைய நாலைந்து முறை இழுத்து, நுனி நன்றாகக் கனிந்ததும் துண்டால் ஒற்றிச் சாமியிடம் கொடுப்பார். சாமி அதை அப்படியே வாயில் வைத்துக்கொள்வார். சீடனுடைய எச்சிலைக் குரு ஏற்றுக்கொள்வது எந்த மடத்தில் நடக்கும்? மற்ற சீடர்களுக்கு அதில் வயிற்றெரிச்சல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தாண்டவமூர்த்தி இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். எனக்கு மோட்சமே அந்த எச்சில்தான் என்பார்.

"விடிஞ்சதிலிருந்து படுக்கிற வரைக்கும் யார் பத்தவைக்கிறது?"

"நான்தான். அது கைங்கரியம் சாமி. பழக்கம் இல்லை."

"கைங்கரியப் புகை எங்கே போகும்? நெஞ்சுக்குள்ளே போகாதா?"

தாண்டவமூர்த்தி தன் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அந்த அம்மாகிட்டத் திரும்பப் போ. எழுபத்தொண்ணுன்னு சொல்லு. அம்மாவுக்கு இருந்ததுன்னு சொல்லு. இத்தனை வருஷமாச் சுருட்டு குடிச்சேன்னு சொல்லு. மாத்திரை கொடுத்தா முழுங்கு. கீரையை ஆக்கிப் போடச் சொல்றேன். இனிமே நீ பத்தவைக்க வேண்டாம்."

"அப்ப, சாமிக்கு?"

"அதை நான் பார்த்துக்கிறேன்."

கிழவருக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. கண் போகிறது என்றபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

"அதே சுருட்டுத்தானே சாமி. நாள் முழுக்கக் குடிக்கிறது நீங்க. உங்க கண் நல்லா இருக்கே?"

"எங்க அம்மா கடைசிவரைக்கும் ஊசியில நூல் கோத்தா. என் பாட்டனும் அப்படித்தான். எனக்கு அந்த வாய்ப்பு. உனக்கு இல்லை."

"இது ஆகாதுன்னு சாமிக்கு முன்னாடியே தெரியுமா?"

"கண்ணுக்கு ஆகாதுன்னு தெரியாது. நெஞ்சுக்கு ஆகாதுன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

சாமி ஆமாம் என்று தலையசைத்தார். அது தாண்டவமூர்த்திக்குச் சரியாகத் தெரியவில்லை.

"நான் அதை அருள்னு நம்பினேன் சாமி. எத்தனையோ சீடனுங்க இருக்க, என் எச்சிலை மட்டும் ஏத்துக்கிட்டீங்கன்னு இறுமாந்து கிடந்தேன். பெத்தவளுக்குக் கொள்ளி போடாதவனுக்கு இந்தப் பாக்கியம் போதும்னு இருந்தேன். வேற எதுக்காக என்னைப் பத்தவைக்கச் சொன்னீங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எனக்குத் தெரியணும்."

மலைப்பக்கமிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு யாரோ போனார்கள். தாண்டவமூர்த்தி சுவரையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் தெரிந்த அந்த முகத்துக்காகக் காத்திருந்தார்.

"புதுச் சுருட்டுல முதல் இழுப்பு காரமா இருக்கும்," என்றார் சாமி. "எனக்கு இருமல் வரும்."