கிரில்லில் ஏறிய பியட்

அரியமங்கலத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவள் பிலோமினா. அவளிடம் தொழில் கற்க வந்தவர் தணிகாசலம், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவளைவிட நிறைய மூத்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவருடைய பழைய பியட் காரின் தரையைத் துரு தின்றிருந்தது. என்ஜின், கதவு, சீட்டு எல்லாம் கழற்றி வெறும் கூடாக்கியிருந்தார்கள். கூடு கோணாமல் தரை மாற்றினால் வண்டி ஓடும். கோணினால் காயலான் கடைதான். கடைக்காரரிடம் தணிகாசலத்தின் மனைவி ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள்.

தரையை வெட்டக் கூட்டைப் புரட்ட வேண்டும். அதற்கு அவர்களே ஒரு சட்டம் செய்தார்கள். முன்னால் ஓர் இரும்புக் கால், பின்னால் ஒன்று, இடையில் அச்சில் மாட்டிய கூடு. கடையில் கோழி சுழல்வதுபோல் சுழலும். பட்டறையில் அதற்குக் கிரில் என்றே பெயர்.

"மாஸ்டர், அச்சு எந்த உயரத்துல வரணும்?"

அவள் மூலையிலிருந்த துடைப்பத்தை நீட்டினாள். "ஒரு விரல்ல நிறுத்துங்கண்ணே."

நடுவில் விரல் வைத்தார். விழுந்தது. விரலைக் கனமான கட்டுப் பக்கமாக நகர்த்தினார். நின்றது.

"நீளத்துக்கு நடு வேற, கனத்துக்கு நடு வேற," என்றார். "கூரை லேசு, தரை கனம். அப்ப அச்சு தரைப்பக்கமா இறங்கணும்."

"என்னை எதுக்குக் கேட்டீங்க?"

கூடு கோணாமலிருக்கக் கதவு வாசல்களில் குறுக்குக் குழாய் கொடுத்தார். கூட்டைக் கிரில்லில் ஏற்றி, அச்சை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் சரியான உயரம் அகப்பட்டுவிட்டது. ஒரு விரலால் தள்ளினால் கூடு திரும்பியது. விட்ட இடத்தில் நின்றது.

"அச்சை இங்கேயே வெல்டு வெச்சுடறேன் மாஸ்டர்."

"ஏன்?"

"போல்ட்டுன்னா ஆடும். கண்டுபிடிச்ச பிறகு எதுக்கு மாத்தணும்?"

அவள் முகமூடியை எடுத்துக் கொடுத்தாள். அவர் வெல்டு வைத்தார்.

மறுவாரம் கூட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, பூட்டு ஆணி போட்டுத் தரையை வெட்டினார். துருத்தகட்டை இறக்கி வைத்தார். கூட்டைத் திருப்ப ஆணியை உருவினார்.

கூரை தலைகீழாகப் பாய்ந்தது. அவர் பின்னால் தாவினார். பாதி வழியில் கூடு ஒரு கயிற்றில் சிக்கி நின்று ஆடியது. அந்தக் கயிற்றை அவர் கட்டவில்லை.

கதவு வாசல்களின் குறுக்களவை எடுத்தார். இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. கூடு கோணவில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"நான் வெல்டு வெச்சப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"தப்புன்னு தெரியுமில்ல?"

"அன்னைக்கு அது சரிதானேண்ணே. ஒரு விரல்ல சுத்துச்சே."

"தரையை எடுத்துட்டா கூரைப்பக்கம் கனமாயிடும். அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கயிறு கட்டியிருக்கீங்க. ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாய்லயும் வெல்டு வெச்சிருந்தீங்களா?"

"ஏன்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"பதில் கையிலேயே வெச்சிருந்தீங்க. அதுக்கு மேல நான் பேச எங்கே இடம்?"

தணிகாசலம் கிரைண்டரை எடுத்துத் தன் வெல்டைத் தானே அறுத்தார். சட்டத்தில் மேலும் கீழுமாகத் துளைகள் போட்டார். அச்சைக் கூரைப்பக்கம் உயர்த்திப் போல்ட்டில் மாட்டினார். கூடு மறுபடி ஒரு விரலுக்குத் திரும்பியது.

அதைச் சுற்றவிட்டுக்கொண்டே நின்றவருக்கு ஏதோ தட்டியது.

"புதுத் தரை போட்டா கனம் திரும்பக் கீழே வருமே."

"வரும்."

"துருப்பிடிச்ச தகட்டைவிடப் புதுத் தகடு கனம். பழைய இடத்துக்கும் போகாது."

"போகாது."

"இப்படி நகர்ந்துகிட்டே இருந்தா, இந்த வண்டிக்கு நிஜமான நடுதான் எது மாஸ்டர்?"

பிலோமினா ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள்.

"என்னைக் கேட்டா நேத்து இருந்த நடுவைத்தான் சொல்வேன். போல்ட்டை இளக்கிட்டு வண்டியைக் கேளுங்கண்ணே."