கொடியில் காய்ந்த துணிகள்

மருத்துவச்சி முத்துப்பேச்சியிடம் தொழில் கற்க வந்த வெள்ளைத்தாய், குருவைவிடப் பத்து வயது மூத்தவள். சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தச் சுத்தமே அன்றைக்கு வினையாக வந்தது.

சண்முகக்கனிக்கு விடியும்போது ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. கீழத்தெருவில் இன்னொருத்திக்கு வலி கண்டுவிட்டதாக ஆள் வரவே, முத்துப்பேச்சி அங்கே ஓடினாள். தாயைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது என்றால் சொல்லியனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளைத்தாய் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். நனைந்த துணியை உருவி, வேறு துணி வைத்து, பழையதைக் கையோடு அலசிக் கொடியில் போட்டாள். சண்முகக்கனியின் மாமியார் கண்ணில் பட்டால் பயந்துவிடுவாளே என்ற நல்ல எண்ணம்தான். எப்போது பார்த்தாலும் ஒரு துணி ரத்தம்தான் இருந்தது. ஒரு துணிக்கு யார் பயப்படுவார்கள்?

உச்சிவெயிலில் முத்துப்பேச்சி திரும்பியபோது சண்முகக்கனியின் பாதம் சில்லிட்டிருந்தது. நாடி கைக்கு அகப்படவில்லை. அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே வண்டி கட்டச் சொன்னாள். வண்டி வாசலுக்கு வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

பிணத்தை எடுத்துப் போன பிறகு முத்துப்பேச்சி கொல்லைக்கு வந்தாள். துணிகள் வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினான்கு.

வெள்ளைத்தாய் பின்னாலேயே வந்து நின்றாள்.

"ஒரு முனகல் இல்லயே தாயி. முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்ல. தண்ணி மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தா."

"குடுத்தீங்களா?"

"பிள்ள பெத்த அன்னைக்குப் பச்சத்தண்ணி ஆகாதுல்ல. பொறுத்துக்கோன்னு சொன்னேன். அப்புறம் கேக்கல."

முத்துப்பேச்சி கொடியிலிருந்து ஒரு துணியை உருவினாள். வெள்ளைத்தாய் தாங்க முடியாமல் கேட்டாள்.

"குடுத்திருந்தா பிழைச்சிருப்பாளா?"

"தண்ணியால பிழைச்சிருக்க மாட்டா, அக்கா. ரத்தம் வத்த வத்தத்தான் அந்தத் தாகம் எடுக்கும்." முத்துப்பேச்சி அந்தத் துணியை மடித்தாள். "விடிஞ்சதுல இருந்து அவ என்னைத்தான் கூப்பிட்டிருக்கா."