வரிக்கு வந்த மாமன்

ரொம்ப ரொம்ப முன்னால், தாழைநாடு என்ற தேசத்தை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எந்த நேரத்தில் நல்லவன் என்று யாருக்கும் தெரியாது. வலது மீசையைத் தடவினால் தோட்டம் துரவு தருவான். இடது மீசையைத் தடவினால் நாட்டை விட்டே துரத்துவான். அதனால் சபைக்குப் போகிறவர்கள் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நாள் வலது மீசையைத் தடவிக்கொண்டே ஒரு சட்டம் போட்டான். "தாய் தகப்பன் இல்லாத சொந்தக்காரப் பிள்ளையை வைத்துச் சோறு போடுகிற வீடு, பாதி வரி கட்டினால் போதும்."

ஆற்றங்கரையில் பொரி வறுத்து விற்கிற பூவாத்தாள் காதிலும் இது விழுந்தது. அவள் தம்பி, ஒரு படகுக்காரன். அவனும் அவன் பெண்டாட்டியும் விஷக்காய்ச்சலில் போனபோது, கைக்குழந்தை மருதாயியை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்போது குழந்தைக்கு மூன்று வயது. அரண்மனை என்றாலே பூவாத்தாளுக்குப் பயம். ஆனால் போன வருஷம் வரி கட்ட வறுசட்டியையே அடகு வைக்க வேண்டி வந்ததே! துணிந்து போய், "என் வீட்ல தம்பி பிள்ளை இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாளே சேவகன் வாசலில் நின்றான். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு சபைக்கு வா. அதே பிள்ளை தன் வீட்ல இருக்குன்னு இன்னொருத்தரும் சொல்லியிருக்கார்."

அந்த இன்னொருத்தர் சடையராயர். சபையில் ராஜாவுக்குப் பக்கத்திலேயே நிற்கிற பெரிய மனிதர். மந்திரி திருவரங்கர் வாயைத் திறந்தாலே இவருக்கு வயிறு எரியும். ஊரில் பாதி நிலம் இவருடையது. பாதி வரி மிச்சமானால் எத்தனை வண்டி நெல்! மருதாயியின் அம்மா இவருடைய கூடப்பிறந்த தங்கைதான். படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று தலைமுழுகினவர், சாவுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. சட்டம் வந்ததும் பாசம் வந்துவிட்டது. சபை கூடியதும் அவர்தான் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, என் தங்கச்சி பொண்ணு என் மாளிகையிலதான் வளர்றா. பகல்ல வேடிக்கை காட்டறேன்னு இந்தப் பொரிக்காரி தூக்கிட்டுப் போவா. போனாப் போகுதுன்னு விட்டேன். அதுக்கு இப்படிப் பண்றா பாருங்க!"

பூவாத்தாள் திரும்பி, கூட வந்திருந்த தன் தெருக்காரர்களைப் பார்த்தாள். எல்லாரும் ராயர் நிலத்தில் குடியிருப்பவர்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ராஜாவின் கை இடது மீசைக்குப் போயிற்று.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் என்கிட்டயே பொய் சொல்றீங்க. பொய் சொன்னவர் பொழுது சாயறதுக்குள்ள ஆத்தைத் தாண்டிப் போயிடணும். பிள்ளை மத்தவர் வீட்டுக்கு!"

பூவாத்தாள் குழந்தையோடு முன்னால் ஓடி வந்தாள். "எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம் சாமி! முழுசாக் கட்டிடறேன். பிள்ளையை மட்டும் விட்டுடுங்க!"

"பார்த்தீங்களா, பின்வாங்கறா!" என்றார் ராயர். "பொய்யின்னு அவளே ஒத்துக்கிட்டா."

குழந்தை ஒன்றும் புரியாமல் அத்தையின் காது மடலை இறுகப் பிடித்துக்கொண்டது. பயந்தால் அது அப்படித்தான் பிடிக்கும். ஒரு வறுசட்டிக்கு ஆசைப்பட்டு அரண்மனை வாசலை மிதித்ததற்கு இவ்வளவு நொந்தவள் தாழைநாட்டிலேயே யாருமில்லை.

அப்போது திருவரங்கர் எழுந்தார். "அரசே, எனக்கு ஒரே ஒரு கேள்வி."

"கேளும். என் கை எங்கே இருக்குன்னு பார்த்துக்கிட்டுக் கேளும்."

"ராயரே, குழந்தை எப்படி இருக்கா? நல்லா சாப்பிடறாளா?"

"சாப்பிடறதாவது! நெய்ச்சோறு வச்சா வழிச்சு நக்கிடுவா. ஒரு தும்மல், ஒரு இருமல் கிடையாது. என் கவனிப்பு அப்படி! கன்னத்தைப் பாருங்க, பணியாரம் மாதிரி!"

சபை முழுக்கக் குழந்தையின் கன்னத்தைப் பார்த்தது. மந்திரி திரும்பினார். "நீ சொல்லம்மா. நல்லா சாப்பிடறாளா?"

பூவாத்தாள் சட்டென்று முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். "எங்கங்க சாப்பிடறா? ஒரு வாய் இறங்காது. எப்பப் பார்த்தாலும் சளி. எலும்பும் தோலுமா இருக்கா."

"அடிப்பாவி!" ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டான். "பட்டினி போட்டேன்னு உன் வாயாலயே சொல்றியா?"

ராயர் சிரித்தார். சேவகர்கள் நெருங்கி வந்தார்கள். ஒருவன் குழந்தைக்குக் கையை நீட்டினான். பூவாத்தாள் குழந்தையை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"பொறு!" என்றார் மந்திரி. "அரசே, அதே கேள்வியை அரசியாரிடமும் கேட்டுவிடுகிறேன்."

திரைக்குப் பக்கத்தில் அரசி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இளவரசன், ஒரு கையில் ஓர் அதிரசம், மறு கையில் இன்னொன்று, வாயில் பாதி.

"அரசியாரே, இளவரசர் நன்றாகச் சாப்பிடுகிறாரா?"

அரசி அவசரமாகப் பிள்ளையின் கன்னத்தைக் கையால் மறைத்தாள். "அதை ஏன் கேட்கறீங்க மந்திரியாரே! நாலு நாளா எதையுமே தொடறதில்லை. துரும்பா இளைச்சுட்டான்!"

இளவரசன் மூன்றாவது அதிரசத்துக்குக் கை நீட்டினான்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை, பயம். ராஜாவின் மீசைதான் முதலில் துடித்தது.

"இவ்வளவுதான் அரசே," என்றார் மந்திரி. "பிள்ளை வளர்க்கிறவங்க நாலு பேர் நடுவுல, என் பிள்ளை வயிறாரச் சாப்பிடுது, கொழுகொழுன்னு இருக்குன்னு சொல்ல மாட்டாங்க. கண் பட்டுடுமோன்னு நெஞ்சு பதறும். கழுத்துல கத்தி இருந்தாலும் அந்தப் பதற்றம்தான் முதல்ல வரும். ராயருக்கு அது வரலையே!"

"இல்ல, இல்ல!" என்று ராயர் உளறினார். "என் வீட்லயும் அவ சரியாச் சாப்பிடறதில்லை, இளைச்சுத்தான்..."

சபை கொல்லென்று சிரித்தது.

"சடையரே," என்றான் ராஜா, "நீர் ஆத்தைத் தாண்ட வேண்டாம். சொன்னதை மாத்திக்கிறேன், நான் ராஜா. ஆத்தங்கரை வரைக்கும் போனாப் போதும். வரிக்கு மாமனா வந்தீரே, சீருக்கும் மாமனா வாரும். இந்தப் பிள்ளைக்குக் காது குத்தற அன்னைக்குப் பல்லக்கு இல்லாம, சீர்த்தட்டை உம்ம தலையிலேயே சுமந்து, கடைத்தெரு வழியா நடந்து போகணும். இந்தப் பொரிக்காரிக்கு இனி வரியே கிடையாது. இவ பங்கையும் நீரே கட்டும்."

கை வலது மீசைக்கு வந்திருந்தது. "பொரிக்காரம்மா, இப்பவாவது நிஜத்தைச் சொல்லு. பிள்ளை நல்லாத்தானே சாப்பிடறா?"

பூவாத்தாள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் இருந்த அத்தனை கண்களையும் பார்த்தாள். "இல்லீங்க சாமி," என்றாள், "ஒண்ணுமே சாப்பிடறதில்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன வேணும் கேள்! பொன்னா? மாடா?"

"ஒரு கை உப்பும் நாலு காய்ஞ்ச மிளகாயும் போதுங்க."

விளக்கு வைக்கிற நேரத்தில், வாசலில் குழந்தையை நிறுத்திச் சுற்றிப் போட்டாள். ராஜா கண்ணு, மந்திரி கண்ணு, மாமன் கண்ணு, சபையில இருந்த அத்தனை கண்ணும் போகட்டும். மிளகாய் அடுப்பில் படபடவென்று வெடித்தது. துளி நெடி வரவில்லை. அவ்வளவு கண்! அதற்கப்புறம்தான் சோற்றைப் பிசைந்து மருதாயிக்கு ஊட்ட உட்கார்ந்தாள்.

குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன்.