கட்டம் போட்ட வண்டு மகரந்தத்தை விட்ட கதை

அந்தக் காலத்தில் மரத்துக்கும் பூச்சிக்கும் ஒரே பேச்சுதான் இருந்தது. காய்ந்த கிளை முறிவதற்கு முன் கீழே இருப்பவர்களை நகரச் சொல்லும். எறும்புகள் வேரிடம் வழி கேட்டுக்கொண்டு போகும். மேற்கு மலைச் சரிவில் அப்போது ஒரு பெரிய வேங்கை மரம் நின்றது. அதன் மஞ்சள் பூக்களில் தும்பாயி என்றொரு வண்டு வாழ்ந்தாள். கட்டம் போட்ட வண்டு என்று இன்று சொல்கிறோமே, அந்த இனத்தின் தாய் அவள். ஆனால் அன்று அவள் உடம்பில் கட்டமும் இல்லை, கோடும் இல்லை. ஈர மண் நிறத்தில் சாதாரணமாக இருந்தாள். அவளும் அவளுடைய அக்காவும் அண்ணன் கொட்டானும் மகரந்தத்தைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்ததில்லை.

அந்த வருஷம் மழை இல்லை. வேங்கைக்குக் காயம் பட்டால் சிவப்பாகப் பால் கசியும். பட்டையைத் துளைக்க வரும் பூச்சி அந்தப் பாலில் ஒட்டிச் செத்துப்போகும். மழை இல்லாமல் பால் வற்றிவிட்டது. இதை முதலில் கண்டுபிடித்தவன் குடைவன். அரிசி மணி அளவுகூட இல்லாத கருவண்டு அவன். மரத்தைக் குடைந்து உள்ளேயே குடும்பம் நடத்தும் கூட்டத்துக்குத் தலைவன். ஒருநாள் காலையில் தனியாக வந்து அடிமரத்தில் துளை போட்டுப் பார்த்தான். பால் வரவில்லை. உடனே உடம்பிலிருந்து ஒரு வாசனையை வெளியே விட்டான். அவன் இனத்துக்கு அதுதான் அழைப்பு. உச்சிவேளைக்குள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கிவிட்டார்கள். சரிவின் கீழே மூன்று மரங்கள் போன மாதம் இப்படித்தான் நின்றபடியே செத்திருந்தன.

கொட்டான் கிளம்பலாம் என்றான். கடற்கரையில் தென்னந்தோப்புகள் இருக்கின்றன, வருஷம் முழுக்கப் பாளை வெடிக்கும், அங்கே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவன் யோசனை. அக்கா பக்கத்து மலையில் தேனீக்கள் மேயும் பூக்காட்டுக்குப் போவதாகச் சொன்னாள். தும்பாயி அசையவில்லை. நான்கு நாளைக்கு முன்புதான் வேங்கையின் பட்டை இடுக்கில் முப்பது முட்டைகள் இட்டிருந்தாள். அவற்றைத் தூக்கிக்கொண்டு பறக்க அவளால் ஆகாது.

"பிள்ளைங்க இன்னொரு தடவை பொறக்கும் தும்பாயி. நீ இருந்தாத்தானே?" என்றான் கொட்டான்.

"நீ போ அண்ணே. நான் இந்த மரத்த விட்டுப் போக மாட்டேன்."

அவர்கள் போனதும் அவள் நேரே குடைவனிடம் போனாள். இந்த ஒரு மரத்தை விட்டுவிடச் சொல்லிக் கேட்டாள். அவன் கோபப்படவில்லை. துளை வாயில் சேர்ந்த மரத்தூளைக் காலால் தள்ளிக்கொண்டே பதில் சொன்னான்.

"எனக்கும் பிள்ளைங்க இருக்காங்கம்மா. பூ தின்ன எங்களுக்கு வாய் அமையல. மரம் செத்தாத்தான் எங்களுக்குச் சோறு."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று தும்பாயிக்குத் தெரிந்தது. அதனால் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு மரங்கொத்தியிடம் போய் உதவி கேட்டாள். மரங்கொத்தி வரச் சம்மதித்தது. ஆனால் குடைவன் கூட்டத்தின் புழு கொழுத்து, உள்ளே நகரும் சத்தம் கேட்டால்தான் தன்னால் கொத்த முடியும், கொத்தினால் பட்டை முழுக்கப் பெயர்ந்துவிடும், முட்டை எது புழு எது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றது. தும்பாயி வேண்டாம் என்று திரும்பி வந்தாள்.

அன்று முழுக்க மரத்தில் உட்கார்ந்து வந்து இறங்குகிறவர்களைக் கவனித்தாள். ஒவ்வொருவனும் காற்றில் முகத்தைத் திருப்பித் திருப்பி, அந்த வாசனை வந்த பக்கமாகவே பறந்து வந்தான். வாசனை அதிகமான இடத்தில் கூட்டமும் அதிகமாக இருந்தது. இந்த அழைப்பு நமக்கும் கேட்டால், கூட்டம் எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பூ வாசனை மட்டுமே தெரிந்தவளுக்கு அது எட்டவில்லை. குடைவனின் துளைக்கு மேலே போய், உணர்கொம்பு இரண்டையும் அதன் வாயில் நீட்டிக்கொண்டு படுத்தாள். மூன்று பகல் அப்படியே கிடந்தாள். மகரந்தம் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அழுகிய பழமும் புது மரத்தூளும் கலந்த மாதிரி ஒரு நெடி அவளுக்குள் ஏறியது. அதன் பிறகு காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளால் அந்த அழைப்பைப் பிடிக்க முடிந்தது.

அப்போது வேங்கை பேசியது. அதன் குரல் வறண்டிருந்தது.

"அவங்கள நீ என்ன பண்ணப் போறன்னு எனக்குத் தெரியுது. ஒரு தடவ கடிச்சிட்டா, மகரந்தம் உன் வாய்க்கு மண்ணாப் போயிடும். உன் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். தெரிஞ்சுதான் செய்றியா?"

மேலே பூக்கள் இன்னும் மஞ்சளாக இருந்தன. தும்பாயி ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் தாயே."

அடிமரத்தில் நெடி கூடிய இடத்துக்கு இறங்கிக் காத்திருந்தாள். முதலில் வந்து இறங்கியவனை முன்னங்காலால் பிடித்தாள். அவன் முதுகு கெட்டியாக இருந்தது. கழுத்து மடிப்பைத் தேடி வாயை வைத்துக் கடித்தாள். உவர்ப்பும் கசப்பும் வாயில் பரவின. துப்பாமல் விழுங்கிவிட்டு அடுத்தவனைப் பிடித்தாள்.

பகலெல்லாம் பிடித்தாள். ஆனாலும் அவளைத் தாண்டி உள்ளே போனவர்கள் பலர். அவர்கள் பட்டைக்கு அடியில் முட்டையிட, அந்த முட்டைகளிலிருந்து புழுக்களும் வந்துவிட்டன. அதே வாரம் தும்பாயியின் முட்டைகளும் பொரிந்தன. இளஞ்சிவப்பாக முப்பது குஞ்சுப் புழுக்கள். அவற்றின் உடம்பு துளைக்குள் நுழையும் அளவுக்கு மெல்லியது. அவளுடையது அப்படி இல்லை. கடைசி வேலையைப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொன்றாகத் துளை வாய்க்குக் கொண்டுவந்தாள்.

"உள்ள இருட்டா இருக்கும். எதிர்ல வர்றதத் தின்னு. தின்னுட்டுத் திரும்பி வராத, மேலயே போ."

முப்பதாவது பிள்ளையும் உள்ளே போன பிறகு தும்பாயி துளை வாயிலேயே உட்கார்ந்தாள். உள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நாட்கள் போயின. புதிதாக இறங்குகிறவர்களைப் பிடிப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து மழை வந்தது. வேங்கையின் வடக்குக் கிளைகள் பட்டுப்போயிருந்தன. தெற்குக் கிளைகளில் தளிர் விட்டது. காயங்களில் சிவப்புப் பால் ஊறியது. பால் ஊறியதும் குடைவன் மிச்சமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு, காற்று விழத்தட்டிய ஒரு மரத்தைத் தேடிப் போய்விட்டான். பிறகு பட்டை பிளந்து தும்பாயியின் பிள்ளைகள் வண்டுகளாக வெளியே வந்தார்கள். பதினொரு பேர். வேங்கைப் பால் பட்ட இடம் சிவப்பாகவும், சுரங்கத்துக் கறை பட்ட இடம் கறுப்பாகவும், குடைவன் கூட்டம் தீனிக்காக வளர்த்த பூஞ்சணம் உரசிய இடம் வெள்ளையாகவும் அவர்கள் முதுகில் கட்டம் கட்டமாக நிறம் பதிந்திருந்தது. பூஞ்சண இழை ஒட்டி உடம்பெல்லாம் பூனைமுடி முளைத்திருந்தது. தும்பாயி அவர்களை ஒரு பூவுக்குக் கூட்டிப்போனாள். யாரும் அதைத் தொடவில்லை. அவளும் தொடவில்லை. வராத பத்தொன்பது பேருக்காக அந்தப் பூவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

அக்காவின் வம்சம் பூவிலேயே தங்கியது, ஆனால் தேன்கூட்டில் பிள்ளை வளர்க்கப் பழகிவிட்டது. கடற்கரையிலும் மழை பொய்த்திருந்ததால் கொட்டானுக்குப் பாளை கிடைக்கவில்லை. கொப்பரைக் கொட்டகையிலும் கருவாட்டுக் கூடையிலும் புகுந்து, அங்கிருந்த புழுவைத் தின்றான், பிறகு கொப்பரையையும் தின்றான். அவன் பிள்ளைகள் நீலமாகப் பிறந்தார்கள். மூன்று வம்சமும் இப்போது சந்தித்தால் ஒன்றையொன்று அடையாளம் தெரியாது.

அன்று முதல்தான், எந்தக் காட்டிலாவது துளைவண்டு பலவீனமான மரத்தைக் கண்டு வாசனை விட்டுத் தன் ஆட்களைக் கூப்பிட்டால், அவர்களோடு கட்டம் போட்ட வண்டும் வந்து அந்த மரத்தில் இறங்குகிறது.