எழுந்து நின்று வணக்கம் சொன்ன குஞ்சு

காட்டோரக் குளக்கரையில் நெடுங்காலி என்ற ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தது. அதற்கு ஒரே குஞ்சு, பொட்டு. மற்ற முட்டைகளைக் கீரி குடித்துவிட்டது.

ஆள்காட்டிக் குலத்தில் குஞ்சுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. தாய் "டிட்டித்தீ" என்று கத்தினால், நின்ற இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். குஞ்சின் நிறமும் கூழாங்கல்லின் நிறமும் ஒன்று. அசையாமல் படுத்த குஞ்சைப் பருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பொட்டு பொரிந்த சமயத்தில், பவளமூக்கி என்ற கிளி கரையில் மழலையர் பள்ளி திறந்தது. அது பட்டணத்தில் ஒரு கூண்டில் இருந்து தப்பி வந்த கிளி. கேட்டால், "வெளியூரில் படித்தேன்" என்று சொல்லும்.

நெடுங்காலி குஞ்சைச் சேர்க்கப் போனது.

"வீட்டுல என்ன சொல்லிக் கொடுத்திருக்கீங்க?"

"பெரிசா ஒண்ணுமில்ல டீச்சர். சத்தம் கேட்டா மண்ணுல படுக்கறது..."

"மண்ணுலயா?" என்று கிளி சிரித்தது. தன் குஞ்சுகளைச் சேர்க்க வந்து பக்கத்தில் நின்ற காட்டுக்கோழியும் சிரித்தது. "இங்க யாராவது வந்தா எழுந்து நிக்கணும். கழுத்தை நிமிர்த்தி வணக்கம் சொல்லணும். அப்புறம், நீங்களும் இந்தப் பக்கம் கத்தாதீங்கம்மா. உங்க தொண்டை ஊருக்கே கேக்குது."

நெடுங்காலிக்குத் தன் குரலை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை. "கத்த மாட்டேன் டீச்சர்" என்றது.

அன்றோடு வீட்டுப் பாடம் நின்றது. ஒருநாள் பொட்டு பழைய நினைவில் தரையில் படுத்தபோது, "எழுந்திருடா, யாராவது பாக்கப் போறாங்க" என்று நெடுங்காலியே அதட்டியது.

பள்ளி திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருந்தாலும் ஆண்டு விழா நடந்தது. பார்வையாக இருக்கட்டும் என்று கிளி குஞ்சுகளை வெட்டவெளி மணலில் வரிசையாக நிறுத்தியது.

நெடுங்காலிதான் முதலில் கவனித்தது. மணலில் ஒரு நிழல் சுற்றியது. மேலே பருந்து.

அதற்குத் தொண்டை வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் காட்டுக்கோழி உட்கார்ந்திருந்தது. இத்தனை பேர் முன்னால் கத்தினால் பொட்டுக்குத்தானே தலைகுனிவு? நெடுங்காலி கத்தலை விழுங்கிக்கொண்டது. நிழல் இன்னொரு சுற்றுச் சுற்றியது. பருந்து இறங்கியது.

"டிட்டித்தீ! டிட்டித்தீ!"

காட்டுக்கோழி அடிக்குரலில் ஏதோ உறுமியது. அதன் குஞ்சுகள் ஒரே ஓட்டமாக அதன் சிறகுக்குள் நுழைந்தன. பள்ளியில் சிரித்த கோழி, வீட்டில் தன் பாடத்தை நிறுத்தவில்லை போலும்.

பொட்டு மட்டும் நெளிந்தது. "அம்மா, சும்மா இரேன். எல்லாரும் பாக்கறாங்க." பிறகு, யாரோ விருந்தாளி வருகிறார் என்று கழுத்தை நிமிர்த்தி, "வணக்கம் ஐயா" என்றது.

இத்தனை மரியாதையான இரையைப் பருந்து பார்த்ததில்லை. ஒரு கணம் தடுமாறியது. அதற்குள் நெடுங்காலி நடுவில் பாய்ந்தது. பருந்தின் நகம் நெடுங்காலியின் சிறகைக் கிழித்து, பொட்டின் காலையும் நசுக்கிவிட்டுப் போனது.

பவளமூக்கி அலறிக்கொண்டு மரப்பொந்தில் புகுந்தது. அந்த அலறலில் வெளியூர்ப் படிப்பு ஒரு துளியும் இல்லை. சுத்தமான கிளிக் கத்தல்.

சாயங்காலம், கோரைப் புல்லுக்குள் பொட்டு கேட்டது: "அம்மா, நீ கத்தினப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

"படுத்திருக்கணும்."

"உனக்கு அது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் எழுந்திருக்கச் சொன்ன?"

கிளியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நெடுங்காலிக்கு வாய் வரவில்லை. கிழிந்த சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. முகத்தை எடுக்காமலே, "டிட்டித்தீ" என்றது.

பொட்டு நசுங்கிய காலை மடக்க முடியாமல் மடக்கி, மண்ணில் படுத்தது.

பிறர் சிரிப்புக்கு வெட்கப்பட்டுத் தங்கள் வழக்கத்தைப் பிள்ளையிடமிருந்து மறைக்கிறவர்கள், பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட வேண்டியிருக்கும்.