அறுபத்திரண்டு ‘பாக்கேன்’

வடிவம்மைக்கு ஐம்பத்தொரு வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். வழிகாட்டியாக வாய்த்த ஃபர்ஹானா மேடம் அவளைவிடப் பதினைந்து வருஷம் இளையவள். மாணவி ‘மேடம்’ என்பாள், மேடம் ‘அக்கா’ என்பாள். இரண்டு பேருக்கும் அது உறுத்தியதே இல்லை.

தொண்டு நிறுவனங்கள் வாட்ஸ்அப்பையும் யூடியூபையும் வைத்து எப்படிப் பாடம் நடத்துகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அவள் எடுத்துக்கொண்ட நிறுவனம், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தது. மொத்தம் அறுபத்திரண்டு பெண்கள். சனிக்கிழமை தவறாமல் நேர் வகுப்பு. போன ஆனியிலிருந்து அதே பாடம் வீடியோவாக வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது.

எல்லாரும் வீடியோ பார்க்கிறார்கள் என்று வடிவம்மையின் அறிக்கை சொல்லிவிட்டால் சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிடலாம் என்று நிறுவனத்தின் செயலாளர் காத்திருந்தார்.

வடிவம்மை ஒருத்தரையும் விடாமல் போனில் கேட்டாள். நூற்றுக்கு நூறு வந்தது. சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறிக்கையை எழுதிக்கொண்டு போனாள்.

மேடம் முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போடவில்லை.

“அறுபத்திரண்டு பேரும் பாக்கேன்னு சொல்லியிருக்காங்க மேடம். இதுல என்ன குறை?”

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம், காயல்பட்டினத்துல. வாரீங்களாக்கா?”

அன்றைக்குத்தான் மதுரைக்கு, மகள் வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள் வடிவம்மை. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாக்கேன் மேடம்.”

மேடம் உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

“ஒரு ஆளு கூட. ஆமா, வடிவக்கா வாராங்க. வேன்ல முன் சீட்டை அவங்களுக்கு வை, முட்டுவலி. சைவம், தனியா ஆக்கச் சொல்லிரு.”

வடிவம்மை அவசரமாகக் கையை ஆட்டினாள்.

“மேடம், மேடம், வேண்டாம். நான் வரமாட்டேன். மதுரைக்கு டிக்கெட் எடுத்தாச்சு.”

“இப்பதானே பாக்கேன்னீங்க?”

“இவ்வளவு பிரியமாக் கூப்பிடுறீங்க. வரலைன்னு மூஞ்சிக்கு நேரே எப்படிச் சொல்ல?”

மேடம் அறிக்கையை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

வடிவம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் தான் பேசிய பேச்சு அவளுக்கே கேட்டது. சாப்பிட்டாச்சாம்மா, பிள்ளைகள்லாம் சொகமா, வீடியோ பாக்கீங்களாம்மா. அந்தக் கடைசிக் கேள்வியையும் விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்டிருந்தாள். வந்த பதிலும், வர முடியாதவர்கள் மரியாதைக்குச் சொல்லும் அதே ‘பாக்கேன்’தான்.

அந்தச் சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கேள்வித்தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பாடம் முடிந்து பெண்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் அவளும் கூட உட்கார்ந்து சாப்பிட்டபடி, போன வாரம் வந்த வீடியோவில் என்னதான் காட்டினார்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தாள்.

பேச்சியம்மாள் என்கிறவள் சிரித்துவிட்டாள்.

“போன் எங்க வீட்டுக்காரர் கையிலல்லாக்கா இருக்கு. இப்ப அவரு யாரை வேணும்னாலும் புண்ணு வராமப் புரட்டிப் படுக்க வச்சிருவாரு.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். சிலருக்கு நெட் பேக் தீர்ந்துபோயிருந்தது. ஒருத்தி மட்டும், தான் பார்த்துக்கொள்ளும் ஆச்சி தூங்கும்போது சத்தத்தை அடைத்துவிட்டு ஒரே வீடியோவை நாலு தடவை பார்த்ததாகவும், சொல்வதை அடியில் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும் என்றும் சொன்னாள். அவளைப் போல நிஜமாகவே பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். சனிக்கிழமை வகுப்பு வேண்டும் என்று, அந்தப் பத்தொன்பது பேரும் உட்பட எல்லாரும் சொன்னார்கள்.

வடிவம்மை அறிக்கையைப் புதிதாக எழுதினாள். மேடம் கையெழுத்துப் போட்டாள். செயலாளர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், சனிக்கிழமை வகுப்பு அப்படியே நடக்கும் என்றும், வீடியோவில் இனிமேல் பெரிய எழுத்து வரும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வடிவம்மை நிறைந்த மனசோடு மேடம் அறைக்குப் போனாள். முதலில் எழுதிய அறிக்கை மேசையிலேயே கிடந்தது. அதைக் கையில் எடுத்தாள்.

“இதைக் கிழிச்சுப் போட்டுரவா மேடம்? அம்புட்டும் தப்பு.”

“எதுக்குக்கா கிழிக்கீங்க?” என்றாள் மேடம். “அதுல யாருமே பொய் சொல்லலையே.”