ஒரு எழுத்து பிசகாமல்

மூங்கில்கோட்டை ராஜாவுக்குப் பேர் அடலேறு வர்மர். பேர்தான் நீளம். நாடு, காலையில் ஒரு முனையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறுமுனைக்குப் போய்விடலாம். அங்கே இருந்ததே ஒரு பள்ளிக்கூடம். அந்தக் கட்டடத்தின் மேல் மந்திரி நெடுமுடியாருக்கு ஒரு கண். அவரிடம் ஏழு குதிரைகள் இருந்தன. கட்ட லாயம் இல்லை.

ஒருநாள் சபையில் ஆரம்பித்தார்.

“மகாராஜா, அந்தப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் தெரியுமா? எழுத்து, கணக்கு. சரி, போகட்டும். படம் வரைகிறார்களாம். பாட்டுப் பாடுகிறார்களாம். எந்தப் பிராணி எதைத் தின்னும் என்று வேறு ஒரு பாடமாம். இதில் யாருக்கு என்ன லாபம்? நான் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. மந்திரி ஆகவில்லையா?”

ராஜாவுக்கு அப்போது நல்ல பசி. பசி வந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவார்.

“பள்ளியை மூடிவிடலாம். ஓலை எழுதும்.”

மந்திரி தன் கையாலேயே எழுதினார். ராஜா படிக்காமலே முத்திரை குத்தினார். சபையில் சிரிக்க வைக்கும் வேலை பார்த்த மாடக்கண்ணு எழுந்தான்.

“மகாராஜா, ஒரு வார்த்தை...”

“ஒன்றும் வேண்டாம். நீயே போய் மூடு. ஓலையில் இருக்கிறபடி, ஒரு எழுத்து பிசகாமல் செய். இந்தத் தடவை விளையாட்டுக் காட்டினாயோ, குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்.”

மாடக்கண்ணு வீட்டுக்கு வந்தான். வாசல் மண்ணில் அவன் மகள் விரலால் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. பேர் செண்பகவல்லி. மண்ணில் ‘செண்பக’ மட்டும் இருந்தது.

“மிச்சம் எங்கே?”

“வாத்தியார் நாளைக்குத்தான் ‘வல்லி’ சொல்லித் தர்றேன்னாருப்பா. நாளையிலேருந்து நான் முழுப் பேர்.”

நாளைக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்று எப்படிச் சொல்வது? முகத்தை மறைக்கிற சாக்கில் ஓலையை எடுத்துப் பிரித்தான். படித்தான். இன்னொரு முறை படித்தான். அப்புறம் சிரித்த சிரிப்பில் இடுப்பு வேட்டியே நழுவியது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் எப்போதும்போல நடந்தது. மத்தியானம் ராஜாவும் மந்திரியும் கோயிலுக்குப் போன நேரத்தில், மாடக்கண்ணு பிள்ளைகளை வாத்தியாரோடு அரண்மனைக்குக் கூட்டிப்போனான். வாசலிலேயே பிள்ளைகளில் ஒருத்தி, “விளக்கு மாடத்துப் பக்கம் போய்த் தேடுங்க. பூச்சி அங்கேதான் வரும்” என்றாள். ஒருவன் அரண்மனையைத் தரையில் படமாக வரைந்து, யார் எந்தப் பக்கம் என்று கோடு போட்டான். பாட்டு எதற்கு ஆகும் என்று மாடக்கண்ணுவுக்கே சந்தேகம்தான். நாற்பது பேர் சேர்ந்து பாடியதும் ஒளிந்திருந்தது எல்லாம் வெளியே ஓடிவந்தது. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்து மூன்று. சமையல்கட்டில் இருந்த சட்டிகள் ஐம்பத்து இரண்டு.

“ஒண்ணு குறையுது” என்றாள் செண்பகவல்லி. மந்திரியின் ஆசனத்தில் அவருடைய மாற்றுத் தலைப்பாகை இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்தார்கள்.

மாலையில் ராஜா உள்ளே வந்தார். முதல் சட்டியில் கால் இடறியது. சபை முழுக்கக் கவிழ்த்த சட்டிகள். சிம்மாசனத்தின் மேலும் ஒன்று.

“என்னடா இது?”

“உங்கள் உத்தரவுதான் மகாராஜா. மூடிவிட்டேன்.”

“பள்ளிக்கூடத்தை மூடச் சொன்னால் என் வீட்டில் ஏன் சட்டியைக் கவிழ்த்தாய்?”

“ஓலையில் அப்படித்தான் இருக்கிறது. நீங்களே படித்துப் பாருங்கள்.”

ராஜா வாங்கி உரக்கப் படித்தார். “‘நாளை மாலைக்குள் பல்லியை மூடவும். ஒன்றையும் விடக்கூடாது.’ ”

சட்டிகளுக்குள் ஏதோ பிறாண்டியது.

“கை தவறிவிட்டது மகாராஜா” என்றார் மந்திரி. “எனக்கு ‘ள’ எழுதத் தெரியாதா என்ன?”

“தெரியாது” என்றான் மாடக்கண்ணு.

“ட்ச், ட்ச், ட்ச்” என்று ஒரு சத்தம்.

அடலேறு வர்மர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்லி சொன்னால் அவருக்கு மறுபேச்சே கிடையாது. படையெடுப்பையே ஒருதரம் பல்லி சொல்லித்தான் நிறுத்தினார்.

“பல்லியே சொல்லிவிட்டதே. எந்தச் சட்டிக்குள் இருந்து?”

“சட்டி இல்லை மகாராஜா. மந்திரியாரின் தலைப்பாகைக்குள் இருந்து.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் நின்றது. “போதும். எல்லாவற்றையும் திறந்துவிடு. பள்ளியும் எப்போதும்போல நடக்கட்டும்.”

“வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். மந்திரியார் மட்டும் எழுத வேண்டாம் மகாராஜா. ஐம்பத்து நான்காவதை என்னால் தேட முடியாது.”

“அப்படியானால் உன் மகள் எழுதட்டும்.”

செண்பகவல்லி ஓலையை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் ஒரு ஓரத்தில் தன் பேரை முழுசாக எழுதிக் காட்டினாள். அப்புறம் ‘ப’ எழுதினாள். எழுத்தாணி அதோடு நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திவிட்டாய்?”

“அடுத்தது என் பேர்ல வர்ற ‘ல்’ இல்லை ராஜா. அது வேற. அதை வாத்தியார் அடுத்த வாரம்தான் சொல்லித் தருவாரு. அதுவரைக்கும் பள்ளிக்கூடம் இருக்குமா?”

“இருக்கும். அதற்குப் பிறகும் இருக்கும்.”

“அப்ப மந்திரி மாமாவையும் அனுப்பி வைங்க. அவருக்கும் அடுத்த வாரம்தானே.”

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். அது முழங்கால் வரைக்கும் தொங்கியது.

அடுத்த வாரம் நெடுமுடியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். குதிரையை வெளியே கட்டிவிட்டு.